ரைபோசோம் எஸ்12 புரதக் குடும்பமும் அதன் அடையாள வரிசையும்

ரைபோசோம் எஸ்12 என்பது உயிரணுக்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய துணையலகில் அமைந்துள்ள ஒரு புரதமாகும். பாக்டீரியா, ஆர்க்கியா, தாவரம், விலங்கு, மனிதன் என எல்லா உயிர்களிலும் இதன் ஒரு வடிவம் காணப்படுகிறது. இவை அனைத்தும் சேர்ந்து எஸ்12 புரதக் குடும்பம் எனப்படுகின்றன. இக்குடும்பத்தின் உறுப்பினர்களை இனங்காண எட்டு அமினோ அமில இடங்களைக் கொண்ட ஒரு சிறிய அடையாள வரிசை போதுமானதாக உள்ளது.

இந்த எட்டு இடங்களில் முதல் இடம் காசநோய் மருத்துவத்துடன் நேரடித் தொடர்புடையது. அங்கு லைசின் என்ற அமினோ அமிலம் ஆர்ஜினினாக மாறினால் காசநோய்க் கிருமி ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்குக் கட்டுப்படாது. ஆயினும் அடையாள வரிசை இந்த இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. ஒரு புரதம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அடையாள வரிசை சொல்லும். அந்தப் புரதம் மருந்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரைபோசோமும் அதன் புரதங்களும்

ரைபோசோம் இரண்டு துணையலகுகளால் ஆனது. எஷரிக்கியா கோலி (எ. கோலி) என்னும் பாக்டீரியாவின் சிறிய துணையலகில் 1542 நியூக்ளியோடைடுகள் கொண்ட 16எஸ் ஆர்.என்.ஏ.வும் 21 புரதங்களும் உள்ளன. பெரிய துணையலகில் இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் உள்ளன. சிறிய துணையலகு தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. பெரிய துணையலகு அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கிறது.

புரதப் பெயர்களில் வரும் 'எஸ்' சிறிய துணையலகையும் 'எல்' பெரிய துணையலகையும் குறிக்கும். எண்கள் மின்புலக் கூழ்மத்தில் புரதங்களைப் பிரித்தபோது அவை விழுந்த இடத்தைக் கொண்டு இடப்பட்டவை.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இங்கு உண்டு. எஸ்12 என்பது ஒரு புரதத்தின் பெயர். 12எஸ் என்பது மனித இழைமணியில் (மைட்டோகாண்ட்ரியாவில்) உள்ள ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் பெயர். எண்ணுக்குப் பின் வரும் 'எஸ்' ஸ்வெட்பெர்க் என்னும் படிவு வேக அலகைக் குறிக்கும். ஆகவே இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

வெவ்வேறு உயிர்களில் ஒரே புரதத்துக்கு வெவ்வேறு எண்கள் வழங்கிவந்ததும் குழப்பம் தந்தது. பாக்டீரியாவின் எஸ்12, மனிதச் செல்லில் எஸ்23 என்று அழைக்கப்பட்டது. 2014இல் முன்மொழியப்பட்ட பொதுப் பெயரிடு முறையில் எல்லா உயிர்களிலும் காணப்படும் புரதங்களுக்கு முன்னொட்டாக 'யு' சேர்க்கப்பட்டது. இதன்படி இரண்டுமே யுஎஸ்12 ஆகும்.

அடையாள வரிசை என்றால் என்ன?

ஒரு புரதம் பல நூறு கோடி ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வரும்போது அதன் அமினோ அமிலங்கள் மெல்ல மாறுகின்றன. பெரும்பாலான இடங்களில் மாற்றம் பெரிய கேடு செய்வதில்லை. சில இடங்களில் மட்டும் எந்த மாற்றமும் உயிருக்கே ஆபத்தாகும். அப்படி மாறிய உயிர்கள் நிலைப்பதில்லை. எனவே அந்த இடங்கள் எல்லா உயிர்களிலும் ஒரேபோல நிற்கின்றன. இவை மாறாது காக்கப்பட்ட இடங்கள் எனப்படும். அவை நெருக்கமாக அமைந்த ஒரு சிறு பகுதியை எடுத்து விதியாக எழுதினால் அதுவே அடையாள வரிசை.

இத்தகைய விதிகளைத் தொகுக்கும் புரோசைட் என்னும் தரவுத்தளத்தை அமோஸ் பைரோக் 1988இல் ஜெனிவாவில் தொடங்கினார். எஸ்12 குடும்பத்துக்கு அதில் தரப்பட்டுள்ள விதி கீழ்வருமாறு:

1ஆம் இடம்: ஆர்ஜினின் அல்லது லைசின்
2ஆம் இடம்: எந்த அமினோ அமிலமும்
3ஆம் இடம்: புரோலின்
4ஆம் இடம்: அஸ்பராஜின்
5ஆம் இடம்: செரின்
6ஆம் இடம்: அலனின் அல்லது ஆர்ஜினின்
7ஆம் இடம்: எந்த அமினோ அமிலமும்
8ஆம் இடம்: ஆர்ஜினின்

தரவுத்தளத்தில் ஒவ்வோர் அமினோ அமிலமும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும். லைசினுக்கு 'கே', ஆர்ஜினினுக்கு 'ஆர்', புரோலினுக்கு 'பி', அஸ்பராஜினுக்கு 'என்', செரினுக்கு 'எஸ்', அலனினுக்கு 'ஏ'. சதுர அடைப்புக்குள் உள்ளவை "இவற்றுள் ஏதேனும் ஒன்று" என்று பொருள்படும். சுருள் அடைப்பு "இவை தவிர மற்றவை" எனவும், சிறிய 'எக்ஸ்' எழுத்து "எதுவாயினும் சரி" எனவும் பொருள்படும். வட்ட அடைப்புக்குள் வரும் எண் அந்த இடம் எத்தனை முறை தொடர்கிறது என்பதைக் காட்டும்.

பல்வேறு உயிர்களில் எட்டு இடங்கள்

எ. கோலியின் எஸ்12 புரதம் 124 அமினோ அமிலங்கள் கொண்டது. காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிசின் எஸ்12 புரதமும் 124 அமினோ அமிலங்கள் கொண்டதே. இரண்டிலும் அடையாள வரிசை 43ஆம் இடத்தில் தொடங்கி 50ஆம் இடத்தில் முடிகிறது. மனிதச் செல்லின் யுஎஸ்12 புரதம் 143 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் இந்த வரிசை 60 முதல் 67 வரை உள்ளது. ஒப்பீடு வருமாறு:

எ. கோலி: லைசின் – லைசின் – புரோலின் – அஸ்பராஜின் – செரின் – அலனின் – லியூசின் – ஆர்ஜினின்

காசநோய்க் கிருமி: லைசின் – லைசின் – புரோலின் – அஸ்பராஜின் – செரின் – அலனின் – லியூசின் – ஆர்ஜினின்

நெல்லின் பசுங்கணிகம்: லைசின் – லைசின் – புரோலின் – அஸ்பராஜின் – செரின் – அலனின் – லியூசின் – ஆர்ஜினின்

மனித இழைமணி: லைசின் – லைசின் – புரோலின் – அஸ்பராஜின் – செரின் – அலனின் – அஸ்பராஜின் – ஆர்ஜினின்

மனிதச் செல்லின் யுஎஸ்12: லைசின் – குளூட்டமின் – புரோலின் – அஸ்பராஜின் – செரின் – அலனின் – ஐசோலியூசின் – ஆர்ஜினின்

முதல் மூன்றும் எட்டு இடங்களிலும் ஒன்றே. கடைசி இரண்டும் மாறுபடுவது 2ஆம், 7ஆம் இடங்களில் மட்டும். விதி "எதுவாயினும் சரி" என்று விட்ட இடங்களும் அவையே. விதி எழுதியவர் விருப்பப்படி அவற்றை விடவில்லை. பல உயிர்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது மாறுபட்ட இடங்கள் அவை என்பதால் விடப்பட்டன.

தற்செயலாகப் பொருந்துமா?

எட்டே இடங்கள் கொண்ட விதி வேறு ஏதாவது புரதத்தில் தற்செயலாக அமைந்துவிடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். இதை எளிய கணக்கால் பார்க்கலாம்.

அமினோ அமிலங்கள் 20. அவை எல்லாம் சம அளவில் வருவதாகக் கொள்வோம். ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் ஏற்கும் இடங்கள் நான்கு (3, 4, 5, 8). ஒவ்வொன்றும் பொருந்தும் வாய்ப்பு 20இல் 1. இரண்டு அமினோ அமிலங்களை ஏற்கும் இடங்கள் இரண்டு (1, 6). அவற்றுக்கு வாய்ப்பு 10இல் 1. எல்லாவற்றையும் பெருக்கினால் 1,60,00,000இல் 1 வரும்.

எ. கோலியில் ஏறத்தாழ 4,300 புரதங்கள் உள்ளன. அவற்றின் மொத்த நீளம் சுமார் 13 லட்சம் அமினோ அமிலங்கள். அப்படியானால் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க பொருத்தங்களின் எண்ணிக்கை 0.08 மட்டுமே. அதாவது எ. கோலியில் இந்த விதிக்குப் பொருந்தும் புரதம் ஒன்று கிடைத்தால் அது எஸ்12ஆக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. புரோலின் – அஸ்பராஜின் – செரின் என்ற மூன்றை மட்டும் வைத்துத் தேடினால் வாய்ப்பு 8,000இல் 1 ஆகிவிடும். அதே எ. கோலியில் 160 இடங்களில் தற்செயல் பொருத்தம் கிடைக்கும். அந்தத் தேடலால் பயனில்லை.

தரவுத்தளம் பெரிதாகும்போது நிலைமை மாறுகிறது. சுவிஸ்-ப்ராட் தொகுப்பில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புரதங்கள், ஏறத்தாழ 20 கோடி அமினோ அமிலங்கள் உள்ளன. அங்கு எட்டு இட விதிக்கும் தற்செயலாகப் பத்துப் பன்னிரண்டு பொருத்தங்கள் எதிர்பார்க்கலாம். ஆகவே பெரிய தேடலில் பொருந்திய ஒவ்வொன்றையும் வேறு சான்றுகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். புரதத்தின் நீளம் 120 முதல் 150க்குள் உள்ளதா, அடையாள வரிசை புரதத்தின் முற்பாதியை ஒட்டி உள்ளதா, மற்றப் பகுதிகளும் ஒத்துள்ளனவா என்பவை அச்சான்றுகள்.

ஒரு நெல்வயலில் எத்தனை எஸ்12?

இக்குடும்பம் எவ்வளவு பரந்தது என்பதை அறிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளைச் சுற்றியுள்ள நிலங்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிராகின்றன. அங்குள்ள ஒரு நெல்வயலில் எத்தனை வகை எஸ்12 புரதங்கள் இருக்கும்?

நெற்பயிரின் ஒரே செல்லில் மூன்று வகை ரைபோசோம்கள் உள்ளன. செல்லின் சைட்டோபிளாசத்தில் ஒன்று, இழைமணியில் ஒன்று, பசுங்கணிகத்தில் ஒன்று. மூன்றிலும் தனித்தனி எஸ்12 உண்டு. பசுங்கணிகத்தின் எஸ்12 பாக்டீரியாவின் எஸ்12ஐ ஒத்திருக்கிறது. பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. வயலில் நிற்கும் உழவரின் செல்களில் இரண்டு வகை எஸ்12 உள்ளன. ஒன்று சைட்டோபிளாசத்துக்கும் மற்றொன்று இழைமணிக்கும் உரியது. மண்ணில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றுக்கும் தன் எஸ்12 உண்டு. அவற்றுள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனமும் அடங்கும். முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குவதில் இந்த இனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த வயல் மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளையும் தருகிறது. முதலாவது, நெல், வேர்க்கடலை, புகையிலை போன்ற தாவரங்களின் பசுங்கணிகத்தில் எஸ்12 புரதத்துக்கான மரபணு ஒரே இடத்தில் இல்லை. அதன் முதல் துண்டு ஓரிடத்திலும் மற்றத் துண்டுகள் வெகுதொலைவில் வேறோரிடத்திலும் உள்ளன. தனித்தனியாகப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.க்கள் பின்னர் ஒட்டப்படுகின்றன. 1986இல் புகையிலைப் பசுங்கணிகத்தின் முழு மரபணுத்தொகுதியும், 1989இல் நெல்லின் பசுங்கணிக மரபணுத்தொகுதியும் வெளியாயின. அடையாள வரிசை இந்த மரபணுவின் இரண்டாம் துண்டில் உள்ளது. முதல் துண்டை மட்டும் மொழிபெயர்த்துத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. இரண்டாவது, தாவர இழைமணிகளில் டி.என்.ஏ.வில் உள்ள சில எழுத்துகள் ஆர்.என்.ஏ. நிலையில் திருத்தப்படுகின்றன. ஆகவே டி.என்.ஏ.விலிருந்து நேரடியாகக் கணித்த புரதமும் செல்லில் உண்மையில் உள்ள புரதமும் சில இடங்களில் வேறுபடலாம்.

அந்த எட்டு இடங்கள் ஏன் மாறவில்லை?

வரிசையைப் பார்த்து மட்டும் இதற்கு விடை காண இயலாது. ரைபோசோமின் முப்பரிமாண வடிவம் தெரிந்த பின்பே விடை தெளிவாகியது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000ஆம் ஆண்டில் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்னும் வெந்நீர்ப் பாக்டீரியாவின் சிறிய துணையலகு வடிவத்தை ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டது. அதே ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் அந்தத் துணையலகில் எங்கு ஒட்டுகிறது என்பதையும் அக்குழு காட்டியது. 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அன்று தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த பகுதியில்தான் சிதம்பரமும் செஞ்சியும் இருந்தன.

ரைபோசோமின் பெரும்பாலான புரதங்கள் ஆர்.என்.ஏ.வின் வெளிப்புறத்தில் ஒட்டியிருப்பவை. எஸ்12 அவற்றிலிருந்து மாறுபட்டது. தூது ஆர்.என்.ஏ.வின் கோடானும் இடமாற்று ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடானும் சந்திக்கும் குறிவாசிப்பு மையத்தின் அருகிலேயே அது அமர்ந்திருக்கிறது. அடையாள வரிசையில் உள்ள புரோலின், அஸ்பராஜின், செரின் ஆகியவை அமைந்த வளைவு அந்த மையத்தை நோக்கி நீண்டிருக்கிறது. சரியான இடமாற்று ஆர்.என்.ஏ. வந்து பொருந்தும்போது துணையலகு சற்று மூடிக்கொள்கிறது. அப்போது இந்த வளைவின் புரோலினும் செரினும் கோடான் – எதிர்க்கோடான் இணைக்கு மிக நெருக்கத்தில் வருகின்றன. சரியானதை ஏற்று, தவறானதை விலக்கும் வேலையில் எஸ்12க்குப் பங்கு உண்டு. இங்கு ஏற்படும் மாற்றம் செல்லில் உருவாகும் எல்லாப் புரதங்களின் தரத்தையும் பாதிக்கும். அதனால்தான் இவ்விடங்கள் இவ்வளவு இறுக்கமாகக் காக்கப்பட்டுள்ளன.

மனிதச் செல்லில் இந்த அடையாள வரிசையின் புரோலின் (62ஆம் இடம்) மீது ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது என்பது 2014இல் வெளியான ஆய்வுகளால் தெரிய வந்தது. அதற்கு இரண்டு இடம் முன்னால் உள்ள 60ஆம் லைசின் பற்றிய ஆய்வு 2021இல் வெளியானது. ஈஸ்ட், உருளைப்புழு, பழ ஈ ஆகியவற்றில் அந்த லைசினை ஆர்ஜினினாக மாற்றியபோது புரதத் தயாரிப்பில் பிழைகள் குறைந்தன, ஆயுளும் கூடியது. அதே வேளையில் வளர்ச்சி தாமதமானது. மிகுந்த வெப்பத்தில் வாழும் சில ஆர்க்கியாக்களில் அந்த இடத்தில் இயற்கையாகவே ஆர்ஜினின் உள்ளது. புரோசைட் விதி முதல் இடத்தில் இரண்டையும் அனுமதிப்பது இவ்வாறு இயற்கையில் காணப்படும் நிலையோடு ஒத்துப்போகிறது.

ஸ்ட்ரெப்டோமைசினும் சென்னையும்

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டறிந்த நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் மண் பாக்டீரியா இதனைச் சுரக்கிறது. அந்தப் பாக்டீரியா தன் மருந்தாலேயே சாகாமல் இருக்க மருந்து மூலக்கூறில் பாஸ்பேட் சேர்த்துச் செயலிழக்கச் செய்யும் நொதியை வைத்துள்ளது.

காசநோயைக் குணப்படுத்தப் பயன்பட்ட முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி இதுவே. 1948இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனையில் நோயாளிகள் முதலில் தேறினர். ஆனால் மருந்து மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டதால் பலரிடம் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் தோன்றின. ஒரே மருந்தைத் தனியே தரக்கூடாது, கூட்டு மருந்துகளே வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது.

இந்தப் பாடத்தை நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்பச் செயல்படுத்தியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதுவே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை குறைந்ததல்ல என்று 1959இல் இம்மையம் காட்டியது. வாரம் இருமுறை மேற்பார்வையில் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநியாசிடும் தரும் முறையின் முடிவுகளை 1964இல் வெளியிட்டது. பின்னர் பல ஆண்டுகள் இந்தியாவில் மறுசிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வழங்கப்பட்டு வந்தது.

மருந்தெதிர்ப்பு ரைபோசோமின் எந்தப் பகுதியால் வருகிறது என்பது எ. கோலியில்தான் முதலில் தெரிந்தது. 1969இல் மசயாசு நொமுராவின் குழு மருந்தெதிர்ப்புள்ள பாக்டீரியாவிலிருந்தும் இல்லாத பாக்டீரியாவிலிருந்தும் சிறிய துணையலகின் பகுதிகளைப் பிரித்தெடுத்து, கலந்து மீண்டும் கட்டியது. ஒரே ஒரு புரதத்தை மாற்றினாலே மருந்தெதிர்ப்பும் மாறியது. அந்தப் புரதம்தான் பின்னாளில் எஸ்12 என்று பெயர் பெற்றது. காசநோய்க் கிருமியிலும் எஸ்12 மரபணுவின் மாற்றங்களே ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்புக்கு முதன்மைக் காரணம் என்று 1993இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 16எஸ் ஆர்.என்.ஏ.வில் ஏற்படும் மாற்றங்கள் மற்றொரு காரணம்.

அடையாள வரிசை சொல்லாதது

காசநோய்க் கிருமியின் எஸ்12 மரபணுவில் 43ஆம் கோடான் அடினின் – அடினின் – குவானின். இது லைசினைக் குறிக்கும். நடு எழுத்து குவானினாக மாறினால் அது ஆர்ஜினினைக் குறிக்கும். 375 எழுத்துகள் கொண்ட மரபணுவில் இந்த ஓர் எழுத்து மாறினாலே ஸ்ட்ரெப்டோமைசின் பயனற்றதாகிவிடும். 88ஆம் கோடானிலும் இதே மாற்றம் இதே விளைவைத் தருகிறது. முப்பரிமாண வடிவில் இவ்விரு இடங்களும் அருகருகே வருகின்றன.

மருந்தெதிர்ப்பு தரும் மூன்று மாற்றங்களை அடையாள வரிசையால் சோதித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ஒன்று: 43ஆம் இடத்தில் லைசின் ஆர்ஜினினாக மாறியது. விதியின் முதல் இடம் ஆர்ஜினினையும் ஏற்கிறது. ஆகவே "எஸ்12 குடும்பம்" என்றே விடை வரும். மாற்றம் நடந்ததே தெரியாது.

இரண்டு: 43ஆம் இடத்தில் லைசின் திரியோனினாக அல்லது அஸ்பராஜினாக மாறியது. விதி இவற்றை ஏற்பதில்லை. "பொருத்தம் இல்லை" என்று விடை வரும். மற்ற 123 அமினோ அமிலங்களும் அப்படியே இருந்தும் எஸ்12 அல்ல என்ற தோற்றம் உண்டாகும்.

மூன்று: 88ஆம் இடத்தில் லைசின் ஆர்ஜினினாக மாறியது. அந்த இடம் விதிக்கு வெளியே உள்ளது. "எஸ்12 குடும்பம்" என்றே விடை வரும்.

மூன்றுமே மருந்தெதிர்ப்புக் கிருமிகள். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியும் "எஸ்12 குடும்பம்" என்ற விடையையே பெறும். எனவே அடையாள வரிசையின் "ஆம்", "இல்லை" இரண்டிலிருந்தும் மருந்தெதிர்ப்பைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. விதி தவறானது என்பது இதற்குப் பொருளல்ல. குடும்பத்தை இனங்காண்பதற்காக எழுதிய விதி அது. குடும்பத்துக்குள் ஓர் உறுப்பினர் எப்படி வேறுபடுகிறார் என்பதைக் காண எழுதப்பட்டதல்ல.

மருத்துவச் சோதனைகள் வேறு வழியில் செல்கின்றன. நோயாளியின் கிருமியிலிருந்து எடுத்த மரபணு வரிசையை 1998இல் முழுமையாக வெளியிடப்பட்ட எச்37ஆர்வி என்ற மேற்கோள் வகையின் வரிசையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. கண்ட மாற்றங்களை உலக சுகாதார நிறுவனத்தின் மருந்தெதிர்ப்பு மாற்றப் பட்டியலோடு பார்க்கின்றன. அப்பட்டியல் முதன்முதலில் 2021இல் வெளியாகியது. ஆய்வகத்தில் மருந்து கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் உண்டு.

இம்மூன்று மாற்றங்களுள் 43ஆம் இட ஆர்ஜினின் ஏன் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது என்பதற்கும் விளக்கம் உள்ளது. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்னூட்டம் கொண்டவை. இந்த மாற்றத்துக்குப் பின்னும் ரைபோசோம் ஏறத்தாழ இயல்பான வேகத்தில் இயங்குகிறது. அஸ்பராஜின் வந்தாலோ ரைபோசோம் அளவுக்கு மீறிக் கண்டிப்பாகி மெதுவாகிவிடுகிறது. அத்தகைய கிருமி மருந்தில்லாச் சூழலில் மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் பின்தங்கும். ஆர்ஜினின் பெற்ற கிருமிக்கு அந்த இழப்பு இல்லை. மருந்தை நிறுத்திய பின்னும் அது நிலைத்துவிடும்.

எண்ணிடுதலில் ஒரு கவனம்

பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது எ. கோலியில் இதே லைசின் 42 என்று குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். புரதம் உருவான பின் அதன் முதல் அமினோ அமிலமான மெத்தியோனின் நீக்கப்படுகிறது. அதை விட்டு எண்ணினால் 42, சேர்த்து எண்ணினால் 43. 88ஆம் லைசினும் இதேபோல் 87 என்று எழுதப்படுவதுண்டு. எண் வேறாக இருப்பதால் இடம் வேறு என்று கொள்ளக்கூடாது.

மாணவர்களுக்கான செய்முறை

கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் இந்தப் பயிற்சியை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். தேவையான தரவுத்தளங்கள் அனைத்தும் கட்டணமற்றவை.

1. யூனிப்ராட் தளத்தில் எ. கோலி, காசநோய்க் கிருமி, நெற்பசுங்கணிகம், மனிதன் ஆகியவற்றின் எஸ்12 புரத வரிசைகளைத் தேடி எடுக்கவும்.

2. கிளஸ்டல் ஒமேகா போன்ற கருவியில் இட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவும். எல்லா வரிசையிலும் மாறாத இடங்களைக் குறித்துக்கொள்ளவும்.

3. அவற்றிலிருந்து அடையாள வரிசையைத் தாமே எழுதிப் பார்க்கவும். பின்னர் புரோசைட் விதியோடு ஒப்பிடவும். நான்கு உயிர்களை மட்டும் கொண்டு எழுதிய விதி முதல் இடத்தில் லைசினை மட்டுமே ஏற்கும். வெப்பத்தில் வாழும் ஆர்க்கியாவின் வரிசையைச் சேர்த்தால் ஆர்ஜினினும் சேரும். எத்தனை உயிர்களைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே விதி அமைகிறது என்பது இதனால் விளங்கும்.

4. காசநோய்க் கிருமியின் வரிசையில் மேற்சொன்ன மூன்று மாற்றங்களையும் ஒவ்வொன்றாகச் செய்து புரோசைட்டின் தேடுகருவியில் இடவும். கிடைக்கும் விடைகளை அட்டவணையாக எழுதவும்.

5. அதே வரிசைகளை இன்டர்ப்ரோ தளத்தில் இடவும். அங்கு பிஃபாம் என்ற தொகுப்பின் எஸ்12/எஸ்23 குடும்ப மாதிரியும் சேர்ந்து இயங்கும்.

ஐந்தாம் படியில் ஒரு வேறுபாடு தெரியும். பிஃபாம் மாதிரி மறைநிலை மார்க்கோவ் மாதிரி எனப்படும் முறையில் அமைந்தது. அது எட்டு இடங்களை மட்டும் பார்ப்பதில்லை. புரதத்தின் நீளம் முழுவதிலும் ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறது. ஓர் இடத்தில் திரியோனின் வந்தால் சில மதிப்பெண் குறையும், அவ்வளவே. மொத்த மதிப்பெண் உயர்வாகவே இருப்பதால் "எஸ்12 குடும்பம்" என்ற விடை மாறாது. ஆகவே இரண்டாம் வகை மாற்றத்தில் அடையாள வரிசை தவறவிட்ட புரதத்தை இது பிடித்துவிடும். ஆனால் மருந்தெதிர்ப்பு உண்டா என்ற கேள்விக்கு இதுவும் விடை தராது. அதற்கு 43ஆம், 88ஆம் இடங்களில் உள்ள அமினோ அமிலம் எது என்று தனியே பார்த்தாக வேண்டும்.

பயன்பாடு

புதிதாக வாசிக்கப்படும் மரபணுத்தொகுதிகளில் பெயரிடப்படாத ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கும். அவற்றுக்கு முதற்கட்டமாகப் பெயரிட அடையாள வரிசைகளும் குடும்ப மாதிரிகளும் உதவுகின்றன. மண், கழிவுநீர் போன்றவற்றிலிருந்து எடுத்த கலப்பு டி.என்.ஏ.வில் எந்த உயிர்களின் ரைபோசோம் புரதங்கள் உள்ளன என்று பிரித்தறியவும் இவை பயன்படுகின்றன. அடையாள வரிசை ஒரு சில நொடிகளில் முடியும் சோதனை. எதனால் பொருந்தியது என்பதை இடம் இடமாகக் கண்ணால் காணவும் முடியும். இதனால் கற்பித்தலுக்கு இன்றும் ஏற்ற கருவியாக உள்ளது. ஆய்வில் இதனைக் குடும்ப மாதிரி, புரதத்தின் நீளம், முப்பரிமாண வடிவம் ஆகியவற்றோடு சேர்த்தே பயன்படுத்துகின்றனர். நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடத்தில், குடும்பப் பெயரைக் கண்ட பிறகு ஒவ்வோர் எழுத்தையும் படிக்கும் வேலை மீதமிருக்கிறது.